டோட்டல் லாஸ் ஆன காரை வாங்கி ரெடி பண்ணலாமா?

கேள்வி இதுதான்: 2019 மாடல் ஸ்விஃப்ட், முன்பக்கம் இடதுபுறமாக அடி. இரண்டு ஏர்பேக்கும் வெளியே வந்துவிட்டன. இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று கணக்கை முடித்துவிட்டது. ஏலத்தில் எடுத்தவர் அப்படியே கைமாற்றிவிடத் தயாராக இருக்கிறார், விலையும் குறைவு. வாங்கி, கிடைக்கிற பழைய சாமான்களைப் போட்டு, குடும்பத்தோடு ஓட்டலாமா? ஆர்.டி.ஓ. பக்கம் சிக்கல் வருமா?

ஓட்டலாம், ஆனால் எல்லா டோட்டல் லாஸ் வண்டியையும் ஓட்ட முடியாது. பாடி ரிப்பேர் வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி வண்டியில் லாபமா நஷ்டமா என்பது டிங்கரிங் ஆரம்பிக்கும்போது முடிவாவதில்லை, காசைக் கொடுப்பதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைத்தான் அதிகம் எழுதப்போகிறேன். பெயின்ட் பற்றி நாலு வரி போதும்.

முதலில் டோட்டல் லாஸ் என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். இந்தியாவில் ரிப்பேர் செலவு, வண்டியை எடுத்துவரும் செலவையும் சேர்த்து, ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கணக்கில் மொத்த இழப்பு. ஐ.டி.வி. என்பது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு. புது வண்டி விலையிலிருந்து முதல் ஆறு மாதம் 5 சதவீதம் கழிப்பார்கள், ஒரு வருடம் முடியும்வரை 15, இரண்டாவது வருடம் 20, அப்புறம் 30, 40, ஐந்தாவது வருடத்தில் 50. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு கம்பெனியும் ஓனரும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். ஆக வண்டிக்கு வயதாக ஆக அந்த 75 சதவீதக் கோடு கீழே இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் ஷோரூம் எஸ்டிமேட் இறங்குவதில்லை. அங்கே எல்லாமே புது சாமான். ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், கண்டென்சர், டேஷ்போர்டு, இரண்டு ஏர்பேக், அவற்றை இயக்கும் கன்ட்ரோல் யூனிட், சீட்பெல்ட் என்று போட்டு, லேபரும் வரியும் சேர்த்தால் எலும்பில் பெரிய அடி இல்லாத வண்டிகூட கோட்டைத் தாண்டிவிடும்.

உதாரணத்துக்கு, ஐ.டி.வி. 4 லட்சம் என்றால் கோடு 3 லட்சத்தில் நிற்கிறது. எஸ்டிமேட் 3 லட்சத்து 20 ஆயிரம் வந்தால் டோட்டல் லாஸ். இதே அடி இரண்டு வயது வண்டிக்குப் பட்டிருந்தால் சாதாரண கிளெய்மாக முடிந்து, வண்டி ரிப்பேராகி வீட்டுக்கு வந்திருக்கும்.

அதனால் ஏலத்துக்கு வரும் வண்டிகளில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கணக்கால் செத்த வண்டி, இன்னொன்று நிஜமாகவே எலும்பு நொறுங்கிய வண்டி. இரண்டுமே ஒரே பட்டியலில், ஒரே மாதிரி நாலு போட்டோவோடு வரும். முதல் வகையை அடையாளம் கண்டுபிடித்து வாங்குவதுதான் இந்த விஷயத்தில் உள்ள திறமை முழுவதும். ஷோரூம் எஸ்டிமேட்டின் நகலைக் கேளுங்கள். சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) பார்த்த எஸ்டிமேட்டில் பாடி ஷெல், பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), ஃப்ளோர் என்று வரிகள் இருந்தால் தொடாதீர்கள். பெரும்பாலான தொகை ஏர்பேக், டேஷ்போர்டு, லைட், கூலிங் சாமான் என்று போயிருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

சரி, பேப்பர். வண்டியைப் போய்ப் பார்க்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் பேப்பர் சரியில்லை என்றால் பார்க்கவே போக வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இப்படி ஒரு வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே சால்வேஜ் என்று பதிந்துவிடுவார்கள், ரிப்பேர் பண்ணிக் காட்டினால் ரீபில்ட் என்று மாறும், அந்த முத்திரை கடைசிவரை போகாது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நாலு வகை வைத்திருக்கிறார்கள். ஏ, பி இரண்டும் ரோட்டுக்குத் திரும்பவே கூடாது, எஸ் என்றால் கட்டமைப்பில் அடி, என் என்றால் கட்டமைப்பில் அடி இல்லை. நம் ஆர்.சி.யில் அப்படி எந்த முத்திரையும் இல்லை. டோட்டல் லாஸ் ஆன வண்டியின் ஆர்.சி. பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் இல்லாமல் இருக்கும். இது வாங்குகிறவருக்கு வசதி என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஓட்டையை வைத்துத்தான் ஒரு பெரிய திருட்டுத் தொழிலே நடக்கிறது. நொறுங்கிய வண்டியை ஆர்.சி.க்காக மட்டும் ஏலத்தில் எடுப்பார்கள், அதே மாடல், அதே கலரில் ஒரு வண்டியைத் திருடி, இதன் சேசிஸ் நம்பரை அதில் வெட்டி ஒட்டி விற்றுவிடுவார்கள். வட மாநிலங்களில் போலீஸ் பிடித்த பெரிய கார் திருட்டுக் கும்பல்கள் சிலவற்றின் வேலையே இதுதான். அதனால் "வண்டி வேண்டாம், புக் (ஆர்.சி.) மட்டும் தருகிறேன்" என்றோ, "புக் பிறகு வரும், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றோ யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ இனி நிரந்தரமாக ஓட்டவே முடியாது என்ற நிலைக்கு வந்தாலோ 14 நாளுக்குள் ஓனர் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும், பதிவு ரத்தாகும் என்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அப்படிப் பதிவு ரத்தாகியிருந்தால் அதை உதிரி பாகத்துக்கு மட்டும்தான் வாங்க வேண்டும், ரோட்டுக்குக் கொண்டுவரும் ஆசையோடு வாங்கக் கூடாது. எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவின் நிலை, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா, லோன் பாக்கி இருக்கிறதா, சலான் நிலுவை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். லோன் இருந்திருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்குவதற்கான படிவம் 35உம் கையில் வர வேண்டும்.

அடுத்தது போலீஸ். ஏர்பேக் வெடிக்கும் அளவுக்கு அடி என்றால் எதிரில் யாருக்காவது காயம் பட்டிருக்கலாம், வழக்கு இருக்கலாம். வழக்கு இருந்தால் வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ரிப்போர்ட் கொடுத்திருப்பார், கோர்ட் மூலமாக ஓனர் வண்டியை எடுத்திருப்பார். அப்படி இடைக்காலமாக விடும்போது, வண்டியை விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது என்று நிபந்தனை போடுவது உண்டு. அந்த உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

உங்களுக்கு விற்பவர் ஏலத்தில் எடுத்தவர். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனர் கையெழுத்து, அவருடைய அடையாள நகல்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனி இந்த வண்டியை இன்னாருக்கு விற்றது என்பதற்கான கடிதம், ஏலத்தில் பணம் கட்டிய ரசீது, அங்கிருந்து உங்களுக்கு விற்றதற்கான ரசீது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பெயர் மாற்றம் நிற்கும். தேதி போடாத வெறும் கையெழுத்துப் படிவங்களை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதனால் விவரம் தெரிந்த பழைய ஓனர் யாரும் தன் பெயரிலேயே அந்த வண்டி ஓடுவதை விரும்ப மாட்டார், அவரே பெயர் மாற்றத்துக்கு ஒத்துழைப்பார். அவரிடம் போனில் நேரடியாக ஒரு முறை பேசிவிடுங்கள். விபத்து எப்படி நடந்தது என்பதும் அவரிடம்தான் சரியாகத் தெரியவரும்.

பேப்பர் தேறிவிட்டது என்றால் நேரில் போய்ப் பாருங்கள். போட்டோவை நம்பி வாங்கவே கூடாது. டேப், டார்ச், ஒரு பழைய துணி, முடிந்தால் நல்ல டிங்கர் ஒருவர். மெக்கானிக்கை விட இந்த இடத்தில் டிங்கர்தான் முக்கியம்.

இந்தக் காலத்துக் கார்களுக்குத் தனியாக ஃப்ரேம் கிடையாது, பாடியேதான் ஃப்ரேம். முன்னால் இரண்டு பக்கமும் நீளமாக வரும் லெக், அதன் மேல் அப்ரான் (சக்கரத்துக்கு உள்பக்கத் தகரம்), அப்ரானில் சஸ்பென்ஷன் நிற்கும் டவர், பின்னால் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள சுவர்), அங்கிருந்து ஏ பில்லர் (முன்கண்ணாடி ஓரத்துத் தூண்). மோதினால் முன்னால் இருப்பது மடங்கி வேகத்தைத் தின்ன வேண்டும், ஆள் உட்காரும் பெட்டி மடங்கக் கூடாது என்றுதான் கம்பெனி டிசைன் பண்ணுகிறது. அதனால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அடி எதுவரை போயிருக்கிறது? பம்பர் பீம், ரேடியேட்டர் சப்போர்ட், லெக்கின் நுனி வரை மடங்கியிருந்தால் அது செய்யக்கூடிய வேலை. டவர் நகர்ந்திருந்தால் யோசிக்க வேண்டிய வேலை. ஃபயர்வால் உள்ளே வந்திருந்தாலோ ஏ பில்லர் அடியில் சுருக்கம் விழுந்திருந்தாலோ, எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முன்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு தூக்கி மூட வேண்டியிருந்தாலோ, ஃபெண்டரைக் கழற்றியபிறகும் கதவின் இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவாக இருந்தாலோ பில்லர் நகர்ந்திருக்கிறது. கூரையில், பி பில்லருக்கு (முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள தூண்) மேலே, வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள், லேசான அலை தெரிந்தால் அடி அதுவரை பயணம் பண்ணியிருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் மேட்டை விலக்கிப் பாருங்கள், தகரம் மடங்கி சீலன்ட் விரிசல் விட்டிருக்கும். பானட்டைத் திறந்து இடது டவர் போல்ட்டிலிருந்து வலது லெக் நுனிக்கும், வலது டவரிலிருந்து இடது லெக் நுனிக்கும் குறுக்காக டேப் பிடியுங்கள். மடங்காத பக்கத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு கணக்கு கிடைக்கும். இரண்டு பக்கமும் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கும்போது. இடதுபக்கம் கணிசமாகக் குறைந்திருந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) மட்டும் வளைந்திருக்கலாம், கிராஸ் மெம்பர் (இன்ஜினுக்கு அடியில் குறுக்கே போகும் பீம்) நகர்ந்திருக்கலாம், லெக்கே உள்ளே போயிருக்கலாம். அடியில் படுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்பார்கள். ரேடியேட்டர் உடைந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பண்ணவும் விடாதீர்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றினால் போதும், தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆயில் ஸ்டிக்கில் பால் மாதிரி நிறம் இருக்கிறதா பாருங்கள். கியர்பாக்ஸ் மவுன்டிங் காது உடைந்திருப்பது இடதுபக்க அடியில் சகஜம், அலுமினிய ஹவுசிங்கில் விரிசல் இருந்தால் ஹவுசிங் செலவும் சேரும். யார்டில் மழையில் நின்ற வண்டி என்றால் உடைந்த கண்ணாடி வழியாகத் தண்ணீர் போய் சீட்டுக்கு அடியில் ஒயரிங் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருக்கும். அந்த ஒயரிங் கோளாறு வருடக்கணக்கில் விட்டு விட்டுத் தொல்லை கொடுக்கும், எனவே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

சேசிஸ் நம்பரையும் அங்கேயே பாருங்கள். 17 எழுத்தும் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும், பஞ்ச் பண்ணின இடத்தைச் சுற்றி வெல்டிங், கிரைண்டிங், புதுப் பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. நம்பர் ஃபயர்வாலில் இருக்கும் மாடல்களில் முன்பக்க வேலை பண்ணும்போது டிங்கர் தெரியாமல் அதன் மேல் கிரைண்டரை ஓட்டிவிடுவது உண்டு. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சொல்ல முடியாது. வேலை ஆரம்பிக்கும்போதே அந்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. மேலே சொன்ன உதாரணத்திலேயே, அடிபடாத அதே மாடல் உங்கள் ஊரில் நாலரை லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அடிபட்ட வண்டி என்று சொல்லி விற்கும்போது அந்த விலை வராது. மூன்றரை வரும் என்று வையுங்கள். அப்படியானால் வாங்கும் விலை, லாரிக் கூலி, சாமான், லேபர், பெயின்ட், பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்துக்குள் முடிந்தால்தான் இத்தனை தலைவலிக்கு அர்த்தம் உண்டு. எல்லாவற்றையும் பிரித்தபிறகு புதிதாக ஏதாவது கிளம்பும், எப்போதும் கிளம்பும், அதற்காக எஸ்டிமேட்டில் கால் பங்கு தனியாக வைத்துவிட்டுத்தான் ஏலக்காரரிடம் விலை பேச வேண்டும். இதில் ஏர்பேக் செட்டை மட்டும் புது சாமான் விலையில் போட்டுப் பாருங்கள். பழையது போட்டால் குறையும் என்று அங்கே கணக்கைக் குறைக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், ஓட்டிக்கொண்டு வராமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் போகக் கூடாது.

வேலையின் முதல் படி இழுப்பு. மரத்திலோ தூணிலோ செயின் கட்டி இழுக்கும் பழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள். பாடியைப் பெஞ்சில் கிளாம்ப் பண்ணி, அளவு பார்த்துக்கொண்டே இழுக்கும் மெஷின் உள்ள இடம் வேண்டும், இன்றைக்கு சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இது தாராளமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி கொடுத்த பாடி அளவுகள் இருக்கின்றன, எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று. பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அளவு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அளவு ரிப்போர்ட் தர முடியாது, கண்பார்வையிலேயே சரி பண்ணிவிடுவேன் என்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்த வேலைக்கு அவர் வேண்டாம்.

கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டுவதும் கூடாது. பழைய அம்பாசடர், பத்மினி தகரத்துக்கு அது சரியாக இருந்தது. இப்போதைய ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளின் எடை குறைந்திருப்பதே அதிக வலிமையுள்ள ஸ்டீலை மெல்லிசாகப் போட்டதால்தான். அந்த ஸ்டீலைச் சிவக்கச் சூடாக்கினால் வலிமை போய்விடும். பார்வைக்கு நேராக இருக்கும், அடுத்த மோதலில் மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் வேறு இடத்தில் மடங்கும். மடங்கி நசுங்கிய லெக் நுனியை நிமிர்த்துவதை விட, கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டிப் புதிது போடுவது நல்லது. பழைய ஸ்பாட் வெல்டுகளை டிரில் பண்ணி எடுத்து, புதிய பாகத்தைப் பொருத்தி, அளவு பார்த்து, அப்புறம்தான் வெல்டிங். கம்பெனியில் எத்தனை ஸ்பாட் இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது. ஸ்பாட் மெஷின் எட்டாத இடத்தில் ஓட்டை போட்டு சி.ஓ.டூ வெல்டிங்கால் நிரப்பலாம். வெல்டிங் முடிந்த இடத்துக்கு ஜிங்க் பிரைமர், மடிப்புகளில் சீலன்ட், பெட்டி மாதிரி மூடிய பாகங்களுக்கு உள்ளே மெழுகு ஸ்பிரே. இது ஒன்றையும் வெளியில் இருந்து பார்க்க முடியாது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரி உப்புக்காற்று ஊரில் இந்த வேலை செய்யாத லெக் சில வருடத்தில் உள்ளிருந்து துருப்பிடித்து வரும். வெல்டிங் நடக்கும் நாளில் போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் விஷயத்துக்கு வருவோம். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் ஸ்விஃப்டுக்குக் கிடைக்காத சாமான் இல்லை. பானட், ஃபெண்டர், கதவு, ஹெட்லைட், பம்பர், ஏசி கம்ப்ரசர், ஃபேன் ஷ்ரௌட் என்று தாராளமாக வாங்கலாம், அதே கலரில் பானட் கிடைத்தால் பெயின்ட் செலவே மிச்சம். ஆனால் ஸ்டியரிங் ராக், லோயர் ஆர்ம், நக்கிள், டை ராட் என்று வண்டியின் போக்கைப் பிடிக்கும் எதையும் பழையதாக வாங்காதீர்கள். அந்தச் சாமானும் ஒரு மோதிய வண்டியிலிருந்துதான் வந்திருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் இல்லாத சாமான் திருட்டு வண்டியின் சாமானாக இருக்க வாய்ப்பு உண்டு. இன்ஜினோ பாடி ஷெல்லோ மாற்றுகிற நிலை வந்தால் அது வேறு கதை. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், உங்கள் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

ஏர்பேக். இதில்தான் அதிகம் ஏமாற்று வேலை நடக்கிறது, இதில்தான் உயிரும் இருக்கிறது. வெடித்த ஏர்பேக்கோடு சேர்ந்து மாற்ற வேண்டியவை: ஸ்டியரிங் ஏர்பேக், பக்கத்து சீட் ஏர்பேக், அது கிழித்துக்கொண்டு வந்த டேஷ்போர்டு, விபத்தைப் பதிவு செய்துவிட்ட கன்ட்ரோல் யூனிட், முன்சீட் பெல்ட்கள் இரண்டும், தேவைப்பட்டால் ஸ்டியரிங்குக்குள் உள்ள கிளாக் ஸ்பிரிங்கும் (ஸ்டியரிங் திரும்பினாலும் ஏர்பேக் இணைப்பு அறாமல் வைக்கும் சுருள்) முன்னால் உள்ள மோதல் சென்சாரும். சீட்பெல்ட்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதிலும் ஒரு சிறு வெடிமருந்து இருக்கிறது, மோதும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதற்கு. ஒரு முறைதான் வேலை செய்யும், அதற்கப்புறம் அது வெறும் துணிப்பட்டை.

மார்க்கெட்டில் என்ன செய்கிறார்கள்? ஏர்பேக் மூடியை மட்டும் ஒட்டி, டேஷ்போர்டைத் தைத்து, பட்டி போட்டுத் தேய்த்து ரெக்ஸின் இழுத்துவிடுவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. மீட்டரில் ஏர்பேக் லைட் எரியுமே என்றால், பலூன் இருக்க வேண்டிய கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி கன்ட்ரோல் யூனிட்டை நம்ப வைப்பார்கள், அல்லது லைட்டின் இணைப்பை வேறொரு லைட்டோடு சேர்த்துவிடுவார்கள். கன்ட்ரோல் யூனிட்டையே கம்ப்யூட்டரில் போட்டு விபத்துப் பதிவை அழித்துத் தருகிறோம் என்று சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்கிறவர்களும் உண்டு. வண்டி கம்பெனிகள் மாற்றத்தான் சொல்கின்றன. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஏர்பேக் தண்ணீரில் நின்றதா, என்ன வயது, யார் எப்படிக் கழற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மீதி எல்லா இடத்திலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் மட்டும் கம்பெனி சாமான், கம்பெனி பில், பகுதி எண்ணோடு. இந்தச் செலவைத் தாங்க முடியாது என்றால் இந்த வண்டியே உங்களுக்கு வேண்டாம், ஏர்பேக் வெடிக்காத, பக்கவாட்டில் கதவில் மட்டும் அடிபட்ட வேறு வண்டியைத் தேடுங்கள்.

போட்டு முடித்ததும் சோதிப்பது எளிது. சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் லைட் சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ துண்டித்திருக்கிறார்கள், எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு இருக்கிறது. ஏபிஎஸ் லைட்டோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைகிறதா என்றும் கவனியுங்கள், அப்படியென்றால் இரண்டு லைட்டையும் இணைத்திருக்கலாம், தனித்தனியாக நேரம் வித்தியாசம் இருப்பது இயல்பு. பிறகு ஸ்கேனரை மாட்டி ஏர்பேக் பகுதிக்குள் போய்ப் பழுதுப் பதிவு எதுவும் இல்லை என்ற பிரின்டை வாங்குங்கள். இந்த வேலையில் கை வைக்கும்போது பேட்டரி கனெக்ஷனை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், யூனிட்டுக்குள் தேங்கியிருக்கும் கரன்ட்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதும். மல்டிமீட்டரை ஏர்பேக் முனையில் வைத்து யாரையும் சோதிக்க விடாதீர்கள்.

கூலிங், ஏசி வேலை நேரடியானது. ஏசி பைப் திறந்தே கிடந்த வண்டியில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கட்டாயம் மாற்றி, வேக்கம் போட்டு, அப்புறம் கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் வைத்துப் பாருங்கள்.

பெயின்ட்டுக்கு பேஸ் கோட், கிளியர் கோட், தூசி வராத பூத். பட்டி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் இருக்கும், பட்டி போட்ட இடம் அதைப் போல் பல மடங்கு காட்டும், விற்கும்போது வாங்குகிறவர் பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜ் கொண்டுவந்தால் தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்தபிறகு வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட்டைத்தான் நான் பெரிதாக நம்புவேன். டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து, மெஷினில் பச்சை வந்துவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) இரண்டையும் இடது வலது சேர்த்துக் கேளுங்கள். இந்த வகைக் கார்களில் அவற்றைத் திருகிச் சரிபண்ண வழி கிடையாது, ஆகவே அவை அளவில் இல்லை என்றால் ஏதோ ஒன்று இன்னும் வளைந்தே இருக்கிறது. திரும்பப் பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். ரோடு டெஸ்ட் எடுக்கும் முன் இன்ஷூரன்ஸ் போட்டுவிடுங்கள். காலி ரோட்டில் 60இல் ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்தினால் நேராகப் போகிறதா, பிரேக் அழுத்தும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் திரும்பியபிறகு தானாக நடுவுக்கு வருகிறதா, இவ்வளவும் பாருங்கள். இரண்டு பக்க டயரும் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரே மாதிரி தேய்கிறதா என்பது கடைசி சாட்சி.

ஆர்.டி.ஓ. கேள்விக்கு வருகிறேன். பதிவு உயிரோடு இருந்து, இன்ஜினும் சேசிஸும் மாறாமல், கம்பெனி வடிவத்துக்கே திரும்பக் கொண்டுவந்தால், ரிப்பேர் பண்ணியதற்காகச் சொந்த உபயோகக் காருக்குத் தனியாக எப்.சி. (தகுதிச் சான்று) எதுவும் தேவையில்லை. 15 வருடம் முடிந்து புதுப்பிக்கும்போதுதான் அந்தச் சோதனை. பெயர் மாற்றம் மட்டும் வாங்கிய உடனே போடுங்கள், ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28இல் என்.ஓ.சி., மறுபதிவு, தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் என்று செலவு ஏறும், மலிவாகத் தெரிகிற டெல்லி, பெங்களூரு ஏல வண்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் மலிவாக இருப்பதில்லை.

இன்ஷூரன்ஸ் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். பழைய பாலிசி டோட்டல் லாஸோடு முடிந்துவிட்டது, நீங்கள் புதிதாகத்தான் போட வேண்டும், வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். மூன்றாம் நபர் பாலிசி கிடைத்துவிடும். சொந்த சேதத்துக்கும் சேர்த்துப் போடும்போது, முன்பு டோட்டல் லாஸ் ஆன வண்டி என்பதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். மறைத்து வாங்கினால் அடுத்த கிளெய்மில் சேசிஸ் நம்பரை வைத்துப் பழைய கிளெய்மைக் கண்டுபிடித்து மறுத்துவிடுவார்கள். பாடி அளவு ரிப்போர்ட், ஏர்பேக் பில், ஸ்கேனர் பிரின்ட், அலைன்மென்ட் ரிப்போர்ட், வேலை நடந்தபோது எடுத்த போட்டோ எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தால் ஒரு கம்பெனி இல்லாவிட்டாலும் இன்னொரு கம்பெனி ஒத்துக்கொள்ளும். நாளைக்கு விற்கும்போதும் அதே ஃபைலைக் கையில் கொடுத்து, என்ன நடந்தது என்று சொல்லியே விற்றுவிடுங்கள். வாங்குகிறவரும் குடும்பத்தைத்தான் அதில் ஏற்றப்போகிறார்.

உங்கள் ஸ்விஃப்ட் விஷயத்தில் இப்போதைக்குச் செய்ய வேண்டியது, ஷோரூம் எஸ்டிமேட் நகலையும் பழைய ஓனர் நம்பரையும் கேட்பது. இந்த இரண்டையும் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கொடுத்தால், இடதுபக்கக் கதவு இடைவெளி, இடது ஏ பில்லர் அடிப்பகுதி, ஃபயர்வால் ஓரம், இடது டவர், இந்த நாலு இடத்தையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து, இரண்டு பக்கச் சக்கர இடைவெளி அளவோடு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த விலை வரை போகலாம் என்று சொல்கிறேன்.